ஓசூரில் பிறந்த பந்தய பைக்கும் நம் பார்க்கிங்கும்

(சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கூட்ட அரங்கில் நடந்த குடியிருப்போர் சந்திப்பில், சி பிளாக்கைச் சேர்ந்த, சேலத்தில் நெடுங்காலம் போரிங் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டு "இந்தத் தாத்தா என்னத்தப் பேசப்போறாரோ" என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே! முன்னாடி நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள். நான் திட்டுவதற்காக வரவில்லை.

இந்தக் கூட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் நம் பி பிளாக் பையன் ஒருவன் ராத்திரி பதினொன்றரை மணிக்கு பைபாஸில் விழுந்தான். கடவுள் புண்ணியத்தில் தோள்பட்டை எலும்போடு போயிற்று. மறுநாளே நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "ரேஸ் பைக் வைத்திருப்பவர்களுக்குப் பார்க்கிங் தரக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்" என்பது ஒரு கட்சி. "எங்கள் காசு, எங்கள் வண்டி" என்பது இன்னொரு கட்சி. அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வருகிறது. அதற்கு முன்னால், வண்டியோடு வாழ்ந்தவன் என்ற முறையில் நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் அம்மா கேட்டார்கள்.

நம் பார்க்கிங்கில் நிற்கிற ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மொபெட்டிலிருந்து தொடங்கிய பந்தயம்

கீழே பார்க்கிங்கில் சிவப்பு நிறத்தில் ஒரு டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 நிற்கிறது. பார்த்திருப்பீர்கள். குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி, முன்பக்கம் முழுக்க மூடி போட்ட வண்டி. அதைப் பார்த்ததும் நிறையப் பேர் "வெளிநாட்டு வண்டியா?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. அது பிறந்தது ஓசூரில். இங்கிருந்து ஓமலூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டினால் வருகிற ஊர். நம் வீட்டு வாசலில் போகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரம்.

அந்த ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் வெளிவந்ததுதான் டி.வி.எஸ். 50 மொபெட். அதை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சேலத்து நெசவாளர் அதில்தான் நூல் மூட்டை கட்டிக்கொண்டு போனார். நாமக்கல்லில் அதற்குப் பின்னால் வந்த எக்ஸ்.எல்.லில் முட்டை அட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, ஒரு முட்டை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

அப்படி மூட்டை சுமக்கிற வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி, 1982-லேயே ஒரு பந்தய அணியைத் தொடங்கியது. அப்போது அவர்கள் கையில் இருந்ததே மொபெட்தான். இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து 100 சி.சி. வண்டி கொண்டுவந்தார்கள். இண்ட்-சுசுகி என்று பெயர். என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கும்.

நான் சோழவரம் பந்தயத்துக்குப் போனது அந்தக் காலத்தில்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. நாமக்கல்லிலிருந்து நாங்கள் நாலு பேர் லாரியில் ஏறி, மூட்டை மேல் படுத்துக்கொண்டு போனோம். வெயிலும் புழுதியும் கூட்டமும் தாங்காது. ஆனால் அங்கே நான் ஒன்றைக் கவனித்தேன். ஊரில் நாங்கள் வேகமாக ஓட்டுபவனைத்தான் வீரன் என்போம். அங்கே வீரர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பிரேக்கையும் டயரையும் பற்றி. எந்த இடத்தில் பிரேக் பிடித்தாய், டயர் எவ்வளவு தேய்ந்தது என்பதுதான் பேச்சு. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால், பின்னால் சொல்லப்போகிற கதை நடந்திருக்காது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் வந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம். பிற்பாடு 2003-ல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. கரிவரதன் என்ற கோவைக்காரர், நம் நாட்டு மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்து, சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் பந்தயத்தில் இறங்க வழி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில்தான் அந்தத் தடம். நம் ஊரிலிருந்து இரண்டுக்குமே காலையில் கிளம்பினால் போய்ப் பார்க்கலாம். இதை மனதில் வையுங்கள். கடைசியில் திரும்ப வருகிறேன்.

சொந்தக் காலில் நின்றது

2001-ல் சுசுகி பிரிந்து போயிற்று. "இனிமேல் இவர்கள் என்ன செய்வார்கள்?" என்று லீ பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களே பேசினார்கள். சொந்தமாக வடிவமைத்த விக்டர் அதே வருஷம் வந்தது. 2005-ல் அப்பாச்சி. 2007-ல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். வந்தது. அந்த மூன்று எழுத்துக்கு 'ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்' என்று விரிவு சொன்னார்கள். பந்தய அணி தடத்தில் கற்றுக்கொண்டதைச் சாலை வண்டியில் வைக்கிறோம் என்பது அதற்கு அர்த்தம்.

2011-ல் 180 சி.சி. அப்பாச்சியில் ஏ.பி.எஸ். பிரேக் வைத்தார்கள். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், விட்டு விட்டுப் பிடிக்கும் முறை. அப்போது நம் பட்டறையில் பசங்கள் சிரித்தார்கள். "பிரேக்குக்கு எதுக்குண்ணா கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்கள். 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

310 எப்படிப் பிறந்தது

2013 ஏப்ரலில் டி.வி.எஸ்.ஸும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டோராடும் ஒப்பந்தம் போட்டன. 500 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, ஓசூரில் செய்வது என்று ஏற்பாடு. ஒரே எஞ்சினை அடிப்படையாக வைத்து இரண்டு கம்பெனியும் தனித்தனி வண்டி செய்துகொள்ளும். பி.எம்.டபிள்யூ. தன் ஜி 310 ஆர். வண்டியை 2015 கடைசியில் உலகத்துக்குக் காட்டியது. டி.வி.எஸ். 2016 பிப்ரவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'அகுலா 310' என்று ஒரு மாதிரி வண்டியை வைத்தது. அது கடைக்கு வந்தபோது அப்பாச்சி ஆர்.ஆர். 310 ஆயிற்று. தேதி 2017 டிசம்பர் 6. விலை டெல்லி ஷோரூம் கணக்கில் 2 லட்சத்து 5 ஆயிரம். ஆர்.ஆர். என்றால் 'ரேஸ் ரெப்ளிகா', அதாவது பந்தய வண்டியின் நகல்.

என் தொழில் சிலிண்டர் குடைவது. அதனால் அந்த எஞ்சின் பற்றி இரண்டு நிமிஷம் பேச அனுமதிக்க வேண்டும்.

ஒரே சிலிண்டர். அதன் உள் விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 62.1 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 312.2 சி.சி. வரும். விட்டம் அதிகம், ஓட்டம் குறைவு. தோசைக்கல் மாதிரி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் போய்வருகிற தூரம் குறைவாக இருந்தால் நிமிஷத்துக்கு அதிகச் சுற்று சுற்ற முடியும். இந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 9,700 சுற்றில் 34 குதிரைத்திறன் கொடுத்தது. பக்கத்து வீட்டு 100 சி.சி. வண்டியைப் போல நாலு மடங்குக்கு மேல்.

இதைவிட வேடிக்கை அதன் நிற்கிற விதம். சாதாரண வண்டியில் காற்று பின்பக்கமாக உள்ளே போகும், புகை முன்பக்கமாக வெளியே வரும். சைலன்சர் குழாய் முன்னால் இறங்கி, எஞ்சினைச் சுற்றிப் பின்னால் போகும். இந்த எஞ்சினில் சிலிண்டரைப் பின்பக்கம் சாய்த்து, தலையையே திருப்பி வைத்துவிட்டார்கள். காற்று முன்னால் நுழைகிறது, புகை நேராகப் பின்னால் போகிறது. ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? அப்படிச் சாய்த்தால் எடை முன்சக்கரத்தின் பக்கம் வரும். வண்டியின் மொத்த நீளத்தைக் கூட்டாமலே, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையை நீளமாக வைக்கலாம். வளைவில் வண்டி ஆடாது, பிடிமானம் கிடைக்கும்.

கவனித்தீர்களா? எஞ்சினையே திருப்பி வைத்தது வேகத்துக்காக மட்டும் இல்லை. வளைவில் பத்திரமாகத் திரும்புவதற்காக. முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 240, இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்., குழாய்களைப் பின்னிய மாதிரி சட்டம், நல்ல டயர். இத்தனையும் சேர்ந்துதான் 34 குதிரை.

முதல் முயற்சியே முழுமையாக அமைந்துவிடவில்லை. ஆரம்ப வண்டிகளில் அதிர்வு அதிகம் என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். வருஷா வருஷம் திருத்தினார்கள். 2019-ல் ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. வேகமாகப் போகும்போது சட்டென்று கியரைக் குறைத்தால் பின்சக்கரம் துள்ளும், வழுக்கும். அந்த நேரத்தில் கிளட்ச் கொஞ்சம் நழுவிக்கொடுத்து வண்டியைக் காப்பாற்றும். பந்தயத்தில் வந்த பழக்கம் இது.

2020-ல் வந்த வண்டியில் நாலு ஓட்டும் முறை வைத்தார்கள். மழை, நகரம், ஸ்போர்ட், டிராக். இதில் மழை, நகரம் என்ற இரண்டிலும் எஞ்சின் தன் சக்தியை 34-லிருந்து சுமார் 26 குதிரையாகக் குறைத்துக்கொள்ளும். தம்பிமார்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். செய்தவனே சொல்கிறான், ஊருக்குள் உனக்கு 34 தேவையில்லை என்று. "டிராக்" என்ற பொத்தான் டிராக்குக்குத்தான். திருவாக்கவுண்டனூர் பைபாஸுக்கு இல்லை.

2024-ல் சக்தி 38 குதிரைக்கு உயர்ந்தது. முன்பக்கம் சின்னதாக இரண்டு இறக்கையும் வைத்தார்கள். பறப்பதற்கு இல்லை, காற்றின் அழுத்தத்தால் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துவதற்கு. 2025-ல் இந்த 310 எஞ்சின் வண்டிகள் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டின. ஓசூரிலிருந்து ஐரோப்பா வரைக்கும் போகின்றன.

தடத்தில் என்ன சாதித்தது

சாலைக்கு வந்த கையோடு பந்தயத்துக்கும் இறங்கியது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் நடக்கிற தேசியப் பந்தயங்களில், பலமுறை தேசிய சாம்பியனான சென்னைக்காரர் ஜெகன் குமார், கே.ஒய். அகமது போன்றவர்கள் இதை ஓட்டி வென்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்து, யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று பார்க்கிற போட்டிக்கு 'ஒன் மேக்' என்று பெயர். அதை இந்தக் கம்பெனி 1994-லிருந்து நம் நாட்டில் நடத்துகிறது. பெண்களுக்கென்று தனிப் போட்டியும் உண்டு. தங்கச்சிமார்கள் கவனிக்கவும்.

பெரிய விஷயம் 2022-ல் நடந்தது. ஆசிய சாலைப் பந்தய சாம்பியன்ஷிப்போடு சேர்த்து, ஆர்.ஆர். 310-ஐ மட்டும் வைத்து ஓர் ஆசிய ஒன் மேக் போட்டி தொடங்கினார்கள். மலேசியாவின் செப்பாங் தடத்தில் முதல் சுற்று. பல ஆசிய நாட்டுப் பிள்ளைகள் ஓசூரில் செய்த வண்டியில் ஏறி மோதினார்கள். ஒரு காலத்தில் ஜப்பான்காரர் வண்டியை வாங்கி ஓட்டிப் பழகிய நாடு நாம். நம் வண்டியில் ஆசியாவே பந்தயம் ஓட்டுகிறது என்றால், லேத்தில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்குமா?

சாலையில் விற்கிற வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொன்னது. பந்தய அணி தயார் செய்த வண்டி தடத்தில் 200-ஐத் தாண்டியது. அந்தப் பந்தய வண்டியில் ஹெட்லைட் கிடையாது, கண்ணாடி கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது. ஏன்? எதிரே யாரும் வரமாட்டார்கள். நாய் குறுக்கே ஓடாது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் லைட் இல்லாமல் நிற்காது.

இதே அணியோடு வளர்ந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பெண்களுக்கான பாஜா உலகக் கோப்பையை வென்றார். கேரளத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். அவை பாலைவனத்தில் ஓடும் வேறு வண்டிகள், 310 இல்லை. ஆனால் மொபெட்டில் ஆரம்பித்த அணி எங்கே போய் நின்றது என்பதற்காகச் சொன்னேன்.

இனி என் கதை

இத்தனை நேரம் பெருமை பேசினேன். இனிமேல் பேசுவது பெருமை இல்லை.

1993. எனக்குப் பட்டறை புதுசு. கை சும்மா இருக்காது. சோழவரத்தில் பார்த்த சத்தம் காதிலேயே இருந்தது. என் சித்தப்பா பையன் ஒரு 100 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தான். வயது 22. "அண்ணா, இன்னும் கொஞ்சம் வேகம் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டான். நான் மூன்று நாள் உட்கார்ந்து, சிலிண்டர் போர்ட்டை அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். ஹெட்டைக் கொஞ்சம் கடைந்தேன். சைலன்சரை மாற்றினேன். வண்டி பறந்தது. ஊரே பட்டறை வாசலில் நின்று பார்த்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

நான் தொடாதது என்னென்ன தெரியுமா? பழைய டிரம் பிரேக் அப்படியே இருந்தது. தேய்ந்த பின் டயர் அப்படியே இருந்தது. ஹெட்லைட் மின்மினிப் பூச்சி மாதிரி மின்னும். அதுவும் அப்படியே இருந்தது.

ஒன்பதாம் நாள் ராத்திரி, ராசிபுரம் ரோட்டில், ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி நின்றிருக்கிறது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. அவன் பார்த்தபோது தூரம் இருந்தது என்றுதான் சொன்னான். பிரேக்கும் பிடித்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை.

உயிர் பிழைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது சித்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். ஒரு மாதம் கழித்து அவன்தான் சொன்னான். கோபமாகக் கூட இல்லை. "அண்ணா, ஓடறதுக்கு எல்லாம் பண்ணிக் குடுத்தீங்க. நிக்கறதுக்கு ஒண்ணும் பண்ணலீங்களே."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது அவன் நல்லபடியாகத்தான் இருக்கிறான். கடை வைத்திருக்கிறான், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். நேற்று போன் செய்து, "உன் கதையைக் கூட்டத்தில் சொல்லலாமா?" என்று கேட்டேன். "சொல்லுங்கண்ணா, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றான். அன்றையிலிருந்து என் பட்டறைக்கு வந்த எந்த வண்டியிலும், பிரேக்கைப் பார்க்காமல் எஞ்சினைத் தொட்டதில்லை.

ஓசூர்க்காரர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர்கள் 34 குதிரை கொடுப்பதற்கு முன்னால், அதை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் தரையில் பிடிப்பதற்கும் வேண்டியதைச் செய்தார்கள். நான் குதிரையை மட்டும் கொடுத்தேன், கடிவாளத்தை மறந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு

தம்பிமார்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறாய். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வை. அதற்குள் 17 மீட்டர் போய்விட்டது. நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37.

இப்போது 120-ல் போ. வேகம் இரண்டு மடங்கு. நிற்கிற தூரமும் இரண்டு மடங்கு என்று நினைப்பாய். இல்லை. பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் நாலு மடங்கு. யோசிக்கிற ஒரு நொடிக்கு 33 மீட்டர், பிரேக் தூரம் சுமார் 80. மொத்தம் 113 மீட்டர். நம் கேட்டிலிருந்து பால் பூத்தைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும். ராத்திரியில் உன் ஹெட்லைட் அவ்வளவு தூரம் தெளிவாகக் காட்டுமா? காட்டாது. அப்படியென்றால் நீ கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறாய் என்றுதான் அர்த்தம். எந்த ஏ.பி.எஸ்.ஸும் இந்தக் கணக்கை மாற்றாது. அது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். தூரத்தை இல்லாமல் ஆக்காது.

பந்தய வீரனுக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் அவனுக்குத் தோல் உடுப்பு, தலைக்கவசம், தடத்தின் ஓரத்தில் விழுந்தால் உருள வெற்று இடம், கொடி காட்ட ஆள், தயாராக ஆம்புலன்ஸ் எல்லாம். நம் நெடுஞ்சாலையில் லாரிதான் உண்டு.

தீர்மானம் பற்றி

பெற்றோர்களே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்குக்குப் பார்க்கிங் கிடையாது என்று தீர்மானம் போட்டால் என்ன ஆகும்? வண்டி நண்பன் வீட்டில் நிற்கும். ராத்திரி எங்கே போகிறான் என்று உங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இன்னொன்றும் யோசியுங்கள். என் சித்தப்பா பையன் ஓட்டியது 310 இல்லை. 100 சி.சி. வண்டிதான். வண்டியின் அளவை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

அதற்குப் பதிலாக நான் நாலு யோசனை வைக்கிறேன்.

ஒன்று. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குச் சாவி இல்லை. இதில் சமரசமே கூடாது. பிள்ளை ஓட்டி மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரைக்கும் லைசென்ஸ் கிடைக்காது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இரண்டு. தலைக்கவசம் இல்லாமல் நம் கேட்டைத் தாண்டக்கூடாது. வாட்ச்மேன் அண்ணனுக்கு அந்த அதிகாரத்தை நாம் கொடுக்க வேண்டும். அவர் நிறுத்தினால் அவரோடு சண்டைக்குப் போகக்கூடாது. இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. காலையில் பால் வாங்க எக்ஸ்.எல்.லில் போகிற என்னைப் போன்ற பெரியவர்களுக்கும்தான். நாம் போடாமல் அவர்களைப் போடச் சொன்னால் எடுபடாது.

மூன்று. சைலன்சரை மாற்றி, போர்டைக் கழற்றிச் சத்தம் கூட்டிய வண்டிகளை இந்த மாதக் கடைசிக்குள் பழையபடி ஆக்க வேண்டும். நான் இலவசமாகவே பார்த்துத் தருகிறேன். கூடவே பிரேக், டயர், லைட் மூன்றையும் பார்ப்பேன். ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை பார்க்கிங்கில் இருப்பேன். ஸ்கூட்டி ஓட்டுகிற தாய்மார்களும் கொண்டுவாருங்கள். நம் வளாகத்தில் பிரேக் ஷூ தேய்ந்த ஸ்கூட்டிதான் அதிகம் என்று எனக்குச் சந்தேகம்.

நான்கு. வேகம் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைகளை, சங்கத்தின் சார்பில் ஒரு நாள் கோயம்புத்தூர் தடத்துக்குப் பந்தயம் பார்க்கக் கூட்டிப் போவோம். பெற்றோரும் வரவேண்டும். பார்த்த பிறகும் ஆசை இருந்தால், முறையான பயிற்சிப் பள்ளி இருக்கிறது, கூட்டமைப்பு தருகிற பந்தய லைசென்ஸ் இருக்கிறது. அந்த வழியில் போகட்டும். ஜெகன் குமாரும் ஐஸ்வர்யாவும் அந்த வழியில் போனவர்கள்தான். நடுராத்திரி பைபாஸில் ஓட்டி யாரும் சாம்பியன் ஆனதில்லை.

பி பிளாக் தம்பி கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணு, உன்னைக் குற்றம் சொல்ல இதைப் பேசவில்லை. உன் வயதில் உன்னைப் போல் ஓட்டியவனுக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவன் நான். தோள் சரியானதும் உன் வண்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. முதலில் அது எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். அப்புறம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம்.

 டீ ஆறிப்போவதற்குள் குடித்துவிடுங்கள்.